செல்ஃப் சுற்றுகிறது, வண்டி கிளம்பவில்லை

திருப்பதியிலிருந்து பெங்களூர் போகிறவர்களுக்கு, சித்தூரைத் தாண்டி வரும் பங்காருபாளையம் மாங்காய் மண்டி உள்ள ஊர். ஜூன், ஜூலை மாதங்களில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் அங்கே சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஊர் முடிந்ததும் மொகிலி கணவாய், அதன் தலையில் பலமனேர். சித்தூரைவிட பலமனேர் 300 மீட்டருக்கு மேல் உயரம். எஞ்சினில் ஒளிந்திருக்கும் குறை வெளியே வருவதற்கு இந்த ஏற்றம் போதும்.

ஏறிக்கொண்டிருக்கும் கார் ஒருமுறை திணறுகிறது, நிற்கிறது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது. ஆனால் எஞ்சின் பிடிப்பதில்லை. ஓட்டுகிறவர் மறுபடி திருப்புகிறார், மறுபடி, மறுபடி. ஐந்தாவது நிமிடத்தில் பேட்டரி படுத்துவிடுகிறது. பின்னர் வந்து பார்ப்பவர், “பேட்டரி போச்சு” என்கிறார். நல்ல பேட்டரிக்குப் பதில் புது பேட்டரி வாங்கியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது என்றாலே பேட்டரி மீதும் ஸ்டார்ட்டர் மோட்டார் மீதும் பெரிய பழி இல்லை. மிச்சம் மூன்று: பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் கரண்ட் வருகிறதா, சிலிண்டரில் அமுக்கம் இருக்கிறதா. (டீசல் வண்டிக்கு பிளக்கில் பொறி கிடையாது, அந்தக் கணக்கு வேறு.)

இந்தச் சாலை நாலாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையாக இருந்த நாளில், சென்னை - பெங்களூர் போக்குவரத்தும் இதே கணவாயில்தான் ஏறியது. அன்றைய அம்பாசடர், ஃபியட் டிரைவர்களுக்கு வைத்தியம் மனப்பாடம்: பானட்டைத் திற, பெட்ரோல் பம்ப் மீது ஈரத்துணி போடு, ஒரு டீ குடி. அது மூடத்தனம் அல்ல. அந்த பம்ப் எஞ்சினின் உடம்பிலேயே பொருத்தப்பட்டிருந்தது. கீழ் கியரில் ஏறும்போது எஞ்சின் சூடு பம்பில் ஏறி, குழாயில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தை இழுக்கச் செய்த பம்ப், ஆவியை இழுத்துக்கொண்டு வீணே ஆடும். துணி பம்பைக் குளிர்வித்தால் ஆவி மறுபடி பெட்ரோலாகும், வண்டி கிளம்பும்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 முதலில் கார்புரேட்டர் வண்டிதான். 2000-ஐ ஒட்டி புகைக் கட்டுப்பாடு இறுகிய பின் பெட்ரோல் கார்கள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. பம்ப் பெட்ரோல் டாங்கிக்குள் போய்விட்டது. அங்கிருந்து அழுத்தத்துடன் தள்ளுவதால் ஆவித் தொல்லை அபூர்வம். ஈரத்துணிக்கு வேலை இல்லை.

ஆனால் அதே கணவாயில், அதே மாதிரி நின்று, அரைமணி ஆறிய பின் ஒன்றும் நடக்காதது போல் கிளம்பும் கார்கள் இன்றும் உண்டு. கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியை கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் பழசானால், சூட்டில் ஊமையாகிவிடும். சேதி வராவிட்டால் கம்ப்யூட்டர் கரண்ட்டும் தராது, பெட்ரோலும் தெளிக்காது. ஆறியதும் சென்சாருக்குப் பேச்சு வந்துவிடும். தேய்ந்த பெட்ரோல் பம்ப்பும் இதே நாடகத்தை ஆடும். டாங்கியில் எப்போதும் சொட்டு பெட்ரோலுடன் ஓட்டுகிறவர்களுக்கு அது சீக்கிரம் தேயும். பம்பைக் குளிர்விப்பது பெட்ரோல்தான்.

சிக்கலே இங்குதான். ஆறிய வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் எல்லாம் சரியாக இருக்கும். அவர் பிளக்கைத் துடைத்து, ஃபில்டரை மாற்றி அனுப்புவார். அடுத்த ஏற்றத்தில் மறுபடி நிற்கும். ஆகவே வண்டி கிளம்ப மறுக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் குறையைப் பிடிக்க முடியும்.

அதற்குக் கருவிகள் வேண்டாம், காதும் கண்ணும் போதும். சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பி, பின்சீட் பக்கம் காது கொடுத்தால், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்று வரிசையாகச் சந்தேகிக்கலாம். ரீங்காரம் கேட்டால், செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பார்க்க வேண்டும். பல கார்களில் அது கொஞ்சமாவது துள்ளும். அசையாமல் கிடந்தால் சென்சார் மீது சந்தேகம் விழுகிறது. டாஷ்போர்டில் சாவிப் படம் மினுக்கினால் சாவியை கார் அடையாளம் காணவில்லை, மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் நெடி குப்பென்று அடித்தால், முதலில் பானட்டுக்கு அடியில் எங்காவது ஒழுகுகிறதா என்று பார்ப்பது அவசியம். ஒழுக்கு இருந்தால் சாவியைத் தொடக்கூடாது. இல்லையென்றால் பிளக் நனைந்திருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒருமுறை செல்ஃப் அடித்தால் காயும்.

எஞ்சின் வழக்கமான விட்டு விட்டு வரும் முனகல் இல்லாமல், மின்விசிறி போல லேசாக, ஒரே சீராகச் சுற்றினால் சாவியை விட்டுவிட வேண்டும். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் பல எஞ்சின்களில் வால்வு வளைந்து செலவு பல மடங்காகும். மற்றபடி ஒரு தடவைக்குப் பத்து விநாடி, நடுவே அரை நிமிட ஓய்வு என்பது செல்ஃபுக்குச் செய்யும் மரியாதை.

பழைய வழக்கப்படி பிளக் வயரைப் பிடுங்கி இரும்பில் காட்டி பொறி பார்ப்பதும், ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்வதும் இப்போது வேண்டாம். இன்றைய காயில்கள் பல்லாயிரம் வோல்ட் தருகின்றன. தள்ளிக் கிளப்பினால் எரியாத பெட்ரோல் சைலன்ஸருக்கு முன்னால் இருக்கும் கன்வெர்ட்டரைப் பாழாக்கும். அதைவிட முக்கியம், அது கணவாய்ச் சாலை. 2024 செப்டம்பரில் மொகிலி கணவாயில் பஸ்ஸும் லாரியும் மோதிப் பலர் இறந்தார்கள். நான்கு பேர் காருக்குப் பின்னால் முதுகைக் காட்டி நிற்கும் இடம் அதுவல்ல. அவசர விளக்கு, வளைவுக்கு முன்பே முக்கோணப் பலகை, குடும்பத்தார் சாலைக்கு வெளியே: சாவியைத் தொடும் முன் இவை முடிந்திருக்க வேண்டும்.

ஆறிய வண்டி கிளம்பிவிட்டால் இருட்டில் மேலே ஏறத் துணிவதைவிட, பத்திரமாகத் திரும்ப இடம் கிடைத்ததும் ஊர்ப்பக்கம் இறங்குவது நல்லது. நின்றபோது ரீங்காரம் கேட்டதா, முள் துள்ளியதா, எந்த விளக்கு எரிந்தது, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், மெக்கானிக் பிளக்கைத் துடைப்பதில் நேரத்தைக் கழிக்காமல் நேரே அந்த சென்சாரையோ பம்பையோ கழற்றுவார்.