உதட்டுல கொப்புளமா? நோ டென்ஷன் பாஸ்!

நாளைக்கு செமஸ்டர் எக்ஸாம். நாலு ராத்திரியா தூக்கமே இல்லை. காலையில கண்ணாடியைப் பார்த்தா... உதட்டு ஓரத்துல கொத்தா நீர்க்கொப்புளம்! மெஸ்ஸுக்குள்ள நுழைஞ்சதுமே, 'மச்சி, யாரு கடிச்சது?'னு ஆரம்பிச்சிடுவாங்க. பொண்ணுங்கன்னா பேச்சு இன்னும் மோசமா, முதுகுக்குப் பின்னாடி நடக்கும். வீட்டுக்குப் போன் போட்டா, 'உடம்பு சூடு கண்ணு, எண்ணெய் தேய்ச்சுக் குளி'னு அம்மா சொல்வாங்க.

ஆனா, இது வந்த காரணம் வேற. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் - 1ங்கிற வைரஸ். உலக சுகாதார நிறுவனத்தோட 2020-ம் வருஷ மதிப்பீட்டின்படி, 50 வயசுக்கு உட்பட்டவங்கள்ல சுமார் 380 கோடி பேர்கிட்ட இது இருக்கு. அதாவது நூத்துக்கு 64 பேர்! அந்த சராசரி உங்க கிளாஸுக்கும் பொருந்தினா, 60 பேர்ல 38 பேர். உங்களைக் கலாய்க்கிறவரும் அந்த லிஸ்ட்ல இருக்கலாம்!

எப்படி வந்துச்சு? பெரும்பாலும் சின்ன வயசுல, உங்களைத் தூக்கிக் கொஞ்சின அத்தையோ தாத்தாவோ பாசத்தோட சேர்த்துக் கொடுத்தது. பல பேருக்கு வந்ததே தெரியாது. அதனால உதட்டைப் பார்த்து கேரக்டர் சர்ட்டிஃபிகேட் எழுதாதீங்க, ப்ளீஸ்.

உள்ளே வந்த வைரஸ் வெளியே போகாது. முகத்துக்கு உணர்ச்சி தர்ற நரம்பு முடிச்சுல போய் படுத்துக்கும். கம்ப்யூட்டரை ஹைபர்நேட்ல போடுற மாதிரி! காய்ச்சல், கொளுத்துற வெயில், தூக்கமின்மை, டென்ஷன், பீரியட்ஸ்... இதுல ஏதாவது தட்டி எழுப்பினா, நரம்பு வழியா திரும்ப உதட்டுக்கு வந்துடும். எக்ஸாம் டைம்ல எட்டிப் பார்க்கிற ரகசியம் இதுதான். வெயிலும் காய்ச்சலும் லிஸ்ட்ல இருக்கிறதால அம்மாவுக்குப் பாதி மார்க் போடலாம்.

கொப்புளம் வர்றதுக்கு முன்னாடியே அந்த இடத்துல சுருசுருங்கும், அரிக்கும். அந்த நேரத்துல ஆரம்பிச்சாதான் மருந்துக்கு மதிப்பு. டாக்டர்கிட்ட கேட்டா ஏசைக்ளோவிர் க்ரீமோ மாத்திரையோ எழுதித் தருவார். 1988-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துக்கிட்ட கெர்ட்ரூட் எலியனோட குழு தந்த மருந்து இது. வைரஸ் பெருகுறதைத் தடுக்கும், அடியோட அழிக்காது. மருந்தே போடலைன்னாலும் பொதுவா பத்து நாள்ல பொருக்கு தட்டி ஆறிடும். டூத் பேஸ்ட், சுண்ணாம்பு வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கின ஸ்டீராய்டு க்ரீம் கூடவே கூடாது.

ஆறுற வரைக்கும் சில கண்டிஷன்ஸ்:

* கொப்புளத்தைக் கிள்ளாதீங்க. தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவுங்க. அதே கையோட கண்ணைக் கசக்கினாலோ, கான்டாக்ட் லென்ஸ் மாட்டினாலோ பார்வைக்கே ஆபத்து.

* ஸ்பூன், டவல், லிப்ஸ்டிக், ரேஸர் எதையும் ஷேர் பண்ணாதீங்க. வாட்டர் பாட்டிலா? நம்ம ஊர் வழக்கப்படி அண்ணாந்து குடிங்க.

* முத்தத்துக்கு லீவு. வாய்வழி உறவுக்கும்தான். அது மூலமா பிறப்புறுப்புக்கும் தொற்றும்.

* வெயில்ல அடிக்கடி வருதுன்னா, சன் ஸ்க்ரீன் கலந்த லிப் பாம் தடவிக்கோங்க.

கண்ணு சிவந்து வலிச்சா, ரெண்டு வாரத்துல ஆறலைன்னா, அடிக்கடி வந்தா டாக்டரைப் பாருங்க. நோய் எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க முதல் நாளே போயிடணும்.

கடைசியா ஒண்ணு. எக்ஸாம் முடிச்சு, அக்காவுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்க ஓடுவீங்க. உதட்டுல கொப்புளம் இருந்தா முத்தம் கொடுக்கவே கொடுக்காதீங்க. நமக்குப் பத்து நாள் எரிச்சல். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். தள்ளி நின்னு சிரிங்க. முத்தத்தைக் கடனா எழுதி வெச்சுக்கிட்டு, ஆறினதும் வட்டியோட கொடுத்துடலாம்!