கண் பிழைத்தது, பார்வை பிழைத்ததா?

கண்ணில் புற்றுநோய் என்றால் அக்கண்ணை அகற்றுவதே வழி என்றிருந்த காலம் போய்விட்டது. கதிர்வீசும் அயோடின்-125 மணிகள் பதித்த பொற்றகட்டை விழியின் வெளிச்சுவரில் தைத்து, சில நாட்கள் வைத்திருந்து எடுத்துவிடுகிறார்கள். இது வைத்திய சாஸ்திரத்தின் பெரிய வெற்றி என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அவ்வெற்றியின் அளவை நோயாளிக்கு ஒளிக்காமல் சொல்கிறார்களா என்பதே கேள்வி.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1987-ல் தொடங்கிய பரிசோதனையைப் பாருங்கள். கண்ணில் நடுத்தர அளவு மெலனோமா கட்டி கண்ட 1,317 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கண்ணை எடுத்தார்கள். மறு பிரிவினருக்குத் தகடு வைத்தார்கள். 12 ஆண்டுகளில் எக்காரணத்தாலாயினும் இறந்தவர்கள் முதற்பிரிவில் நூற்றுக்கு 41, இரண்டாவதில் 43. இவ்வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதன்று. ஆகவே கண்ணைக் காக்க விரும்புகிறவர் உயிரைப் பணயம் வைக்கவில்லை என்பது ருஜுவாயிற்று.

பார்வையின் கதையோ வேறு. தகடு வைத்தவர்களில் நூற்றுக்கு 43 பேருக்கு மூன்றே ஆண்டுகளில் அக்கண்ணின் பார்வை மிகவும் மங்கிப்போயிற்று. ஐந்தாண்டுக்குள் எட்டில் ஒரு கண்ணைப் பின்னர் எடுத்துவிடவே நேர்ந்தது. கட்டியை அழிக்கும் கதிர் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் பார்வை நரம்பையும் மெல்ல மெல்லச் சிதைக்கிறது. கதிரால் வரும் கண்புரையை அறுத்து நீக்கலாம். அழிந்த நரம்பை மீட்க முடியாது. கட்டி ஒடுங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் நோய் ஈரலில் தலைகாட்டுவதுண்டு.

இவற்றையெல்லாம் முன்கூட்டிச் சொன்னால் நோயாளி அஞ்சுவான் என்று சிலர் கூறலாம். அந்த வாதத்தை நாம் ஒப்புக்கொள்ளோம். சிகிச்சை முடிந்தது என்று நம்பி வீடு சென்றவன், பார்வை மங்கும்போது தான் வஞ்சிக்கப்பட்டதாகவே எண்ணுவான். பிறகு வைத்தியசாலைப் பக்கமே வரமாட்டான். முன்பே அறிந்தவனோ குறித்த தவணையில் வந்து கண்ணையும் ஈரலையும் சோதித்துக்கொள்வான்.

எனவே தகட்டுக்குப் பணம் ஒதுக்கும் சர்க்கார்கள் பின்வரும் ஆண்டுகளின் சோதனைக்கும் ஒதுக்கவேண்டும். அதற்குக் கூலியை இழந்து ஏழை வரவேண்டுமானால், வழிச்செலவும் கொடுக்கவேண்டும். தகட்டை எடுத்த நாளோடு கணக்கை முடிப்பது வைத்தியமாகாது.