தவறணையும் பிளாவும்

தவறணை என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றனர். அங்கே விற்கப்படும் பண்டமோ அவர்கள் வருமுன்பே நம்மிடம் இருந்தது. குடும்பத்தார் கூடியிருந்து வாசிக்கும் இப்பகுதியில் கள்ளுக்கு என்ன வேலை என்று தாய்மார் சிலர் முகஞ் சுழிக்கலாம். ஆயினும் தேநீர்க் கடை, சந்தை என்று ஊரெல்லாம் பார்த்தெழுதும் நாம் இதனை மட்டும் ஒதுக்கிச் செல்வது நேர்மையன்று. நண்பர் சுவைப்பது, நாம் பார்ப்பது என்று உடன்பாடு.

முதலிற் சென்றது வடமராட்சியில் பனங்கூடலின் ஓரத்திலுள்ள ஒரு தவறணை. கிடுகுக் கூரை, மணல் தரை, இரண்டு வாங்குகள். அவ்வளவுதான். மரத்தினின்று இறங்கிய முட்டி சற்று நேரத்துக்குள் அங்கு வந்துவிடுகிறது. கள்ளின் குணமெல்லாம் இந்த நேரக் கணக்கில்தான் இருக்கிறது. பாளையிலிருந்து சொட்டும்போது அது இனிய நீர். முட்டியினுள் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது புளியாது. கருப்பணியாக நிற்கும், காய்ச்சினாற் பனங்கட்டியாகும். பூசாவிட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிறது; மறுநாளோ புளித்துக் காடியை நெருங்குகிறது. நண்பர் ஒரு மிடறு உண்டு, "இது இன்று காலை இறக்கியது, நீர் கருப்பணியோடு நில்லும்" என்றார். நின்றோம்.

அடுத்தது நகரை அண்டிய ஒன்று. சீமெந்துத் தரையும் மின்விசிறியும் உண்டு. கள் பிளாஸ்ரிக் கலன்களில் தொலைவிலிருந்து வருகிறது. பொரித்த மீன் நன்றாயிருந்தது. கள்ளைப் பற்றி நண்பர் வாய் திறக்கவில்லை. படலையருகே ஒரு பெண் சிறு பையனைக் கையிற் பிடித்தவாறு நின்றாள். அன்றைய கூலியில் மிச்சம் எவ்வளவு என்பதே அவளுடைய கேள்வியாயிருக்கும். நுரையின் அழகை எழுதுவோர் இந்தப் படலையையும் எழுதவேண்டும்.

நகரத்துத் தவறணையில் பிளாஸ்ரிக் கோப்பை, வடமராட்சியிலோ பிளா. பனையோலையை மடித்துக் கட்டிய அக்கலத்தை இரு கைகளாலும் ஏந்தவேண்டும். குடித்து முடிந்ததும் எறிந்துவிடலாம். "யாருடைய வாய் பட்டது என்ற கேள்வியே இல்லாத பாத்திரம்" என்று நண்பர் அதனைப் புகழ்ந்தார். புகழ்ச்சியில் உண்மை உண்டு. நமது தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்கென்று வேறு குவளைகள் வைத்திருந்த காலம் வெகுதூரத்தில் இல்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னும் அவை அகலவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும் அதன்பின் தொடர்ந்த போராட்டங்களும் வேண்டியிருந்தன.

ஆனால் பிளாவை நாம் அளவு மீறிப் புகழமாட்டோம். கள் இறக்கியவர் முற்றத்தில் அமர்ந்து அவர் கையாற் பிளாவில் வாங்கிக் குடித்த பெரிய மனிதர் பலர், அவரைத் தம் வீட்டு விறாந்தையில் ஏற்றியதில்லை. கலத்தை எறிவது எளிதாயிருந்தது.

தவறணைகளை ஏலத்திற் குத்தகைக்கு எடுத்தோர் இலாபம் கண்ட முறை மாறி, 1970களிற் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தமை பெரிய திருத்தம். தொழிலின் ஆபத்தோ மாறவில்லை. தளைநாரும் பாளைக்கத்தியுமாகக் காலையும் மாலையும் ஏறவேண்டும். மழை நனைத்த மரம் வழுக்கும்.

வடமராட்சியிற் கள் கொணர்ந்த முதியவரிடம், மகனும் தொழிலுக்கு வருவாரோ என்று வினவினோம். "வரமாட்டான் ஐயா, வரச்சொல்லவும் எனக்கு மனமில்லை" என்று கூறி, வெறும் முட்டிகளை மிதிவண்டியிற் கட்டத் தொடங்கினார். மாலை மரங்கள் மீதியிருந்தன.