பிராசசரா, கிராபிக்ஸ் கார்டா? ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் ஒரு பத்து நிமிடம்

கேம் திக்கித் திணறுகிறது. கையில் போனஸ் பணம் கொஞ்சம் இருக்கிறது. மயிலாப்பூரோ அடையாறோ, கம்ப்யூட்டர் சாமான் என்றால் சென்னைக்காரர்களின் கால் தானாகப் போகும் இடம் ரிச்சி தெரு. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்துவிடலாம். அங்கே போய் "எதை மாத்தலாம்ணே?" என்று கேட்டால் பதில் உடனே கிடைக்கும். ஆனால் சரியான பதில் இருப்பது உங்கள் வீட்டு மேசையில். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. நீங்கள் எந்த கேமை, எந்த மானிட்டரில் விளையாடுகிறீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எதிராளி எங்கே நிற்கிறான், குண்டு யார் மேல் பட்டது என்று கணக்குப் போட்டு, "இதை வரை" என உத்தரவு கொடுப்பது பிராசசர். வரைந்து தருவது கிராபிக்ஸ் கார்டு. இரண்டில் எது மெதுவோ, அதன் வேகம்தான் கேமின் வேகம். மற்றதை மாற்றினால் பணம் போகும், எஃப்பிஎஸ் அசையாது.

சென்னை செஸ் ஊர் என்பதால் இப்படியும் சொல்லலாம். ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின் பிராசசரில் ஓடுகிறது. லீலா செஸ் ஜீரோவுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால்தான் வேகம். அதே 64 கட்டம்தான், தேவைப்படும் பாகம் வேறு. கேம்களும் அப்படித்தான். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை பெரும்பாலும் பிராசசரை நம்பியவை. சைபர்பங்க் 2077இல் ரே டிரேசிங் போட்டால் கிராபிக்ஸ் கார்டுக்கு மூச்சு வாங்கும்.

அதனால் முதலில் சோதனை. வி-சிங்க், எஃப்பிஎஸ் வரம்பு இரண்டையும் அணைத்துவிட்டு, நீங்கள் அதிகம் விளையாடும் கேமைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளில் ஜிபியு பயன்பாட்டைக் கவனியுங்கள். 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் தடை கிராபிக்ஸ் கார்டு. 60, 70இல் தடுமாறினால் பெரும்பாலும் பிராசசர். சந்தேகமா? ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் பிராசசர்தான்.

"டாஸ்க் மேனேஜர்ல சிபியு 40 சதவீதம்தானே காட்டுது" என்று பலரும் இங்கே ஏமாறுவார்கள். அது சராசரி. 12 த்ரெட் உள்ள பிராசசரில் ஒரு த்ரெட் முழுசாகத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான்.

மானிட்டரையும் பாருங்கள். அது 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. 200 எஃப்பிஎஸ்ஸுக்குச் செலவழிப்பதைவிட மானிட்டரை மாற்றுவதே மேல். ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் ஜோடியாக்குவதிலும் நல்ல பலன் உண்டு. அப்புறம் தூசு. மே மாத வெயிலில், கடல் காற்றில் வருஷக்கணக்கில் திறக்காத கேபினெட்டில் பிராசசர் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். துடைத்து, புது தெர்மல் பேஸ்ட் போட ஆகும் செலவு மிகக் குறைவு.

இனி பணக் கணக்கு. கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் பெரும்பாலும் கார்டோடு முடியும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650இல் பல மாடல்களுக்குத் தனி பவர் கேபிளே தேவையில்லை, புதிய கார்டுகள் பெரும்பாலும் கேட்கும். பிராசசர் அப்படியல்ல. இன்டெல் 10ஆம் தலைமுறை போர்டில் 12ஆம் தலைமுறை பிராசசர் உட்காராது. மதர்போர்டு மாறும், பல சமயம் டிடிஆர்5 ரேமும் கூடவே வரும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறியிருக்கிறது. மைக்ரான் அந்த டிசம்பரில், க்ரூஷியல் என்ற தன் நுகர்வோர் பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. கையில் இருக்கும் டிடிஆர்4 குச்சிகளை இப்போது விட்டுவிடுவது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வழி சுலபம். 2020 வாக்கில் ரைசன் 5 3600 வாங்கியவர்கள், பி450 போர்டாக இருந்தாலும் பயாஸை அப்டேட் செய்துவிட்டு ரைசன் 5 5600 போடலாம். ரேம், போர்டு எதையும் தொட வேண்டாம். 96 எம்பி கேஷ் கொண்ட 5800எக்ஸ்3டி நியாயமான விலையில் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

சோதனை எந்தப் பக்கமும் தெளிவாகச் சாயவில்லையா? கிராபிக்ஸ் கார்டுக்கே எங்கள் ஓட்டு. நாளைக்குப் புது கம்ப்யூட்டர் கட்டினாலும் அதைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் கூடுதல் கவனம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் முறை மாறியதும், அதுவரை மைனிங்கில் ராப்பகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. ஒரிஜினல் பில்லைக் கேளுங்கள், சீரியல் எண்ணை வைத்து வாரண்டி எதுவரை என்று பாருங்கள். காசு கொடுக்கும் முன் கடையிலேயே மாட்டி, கால் மணி நேரம் ஒரு கேமை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் நல்லா ஓடும் சார்" என்று தட்டிக்கழித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.