களைக்கொல்லியும் அயலார் நிலமும்

செஞ்சியை அடுத்த அவலூர்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களில் ஏரிப் பாய்ச்சலிலும் கிணற்றுப் பாய்ச்சலிலும் நெல்லும் கரும்பும் விளைகின்றன. அவற்றுக்கு அடுத்த வரப்பிலேயே மணிலாவும் உளுந்தும் கத்தரியும் பயிராகின்றன. இவ்விதம் புல்லினப் பயிரும் அகன்ற இலைப் பயிரும் அண்டை அயலாக நிற்கும் ஊர்களில், 2,4-டி என்னும் களைக்கொல்லியின் குணத்தை நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் செவ்வையாக அறிந்திருத்தல் அவசியமாகும். ஒருவருடைய நெல்லைக் காக்கும் மருந்தே மற்றொருவருடைய மணிலாவைக் கெடுத்துவிடக் கூடும்.

இம்மருந்து 1940-களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டு, 1945-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. செடிகளின் வளர்ச்சியை நடத்தும் ஆக்சின் என்னும் பொருளைப் போன்று இது வேலை செய்கிறது. அகன்ற இலைச் செடிக்குள் புகுந்ததும் வளர்ச்சி நிலைகெட்டு, காம்பு முறுக்கி, இலை சுருண்டு, தண்டு வெடித்துச் செடி மடிகிறது. நெல், கரும்பு, சோளம் முதலிய புல்லினங்கள் உரிய பருவத்தில் இதனைத் தாங்கிக் கொள்கின்றன. நெல்லிலும் நட்ட மூன்று வாரத்திற்கு முன்போ கதிர் உருவாகும் தருணத்திலோ தெளித்தால் சேதமுண்டு.

2,4-டி இயல்பாக ஓர் அமிலம். நீரில் எளிதில் கரையாது. ஆதலால் அதனைச் சோடிய உப்பாகவும், எஸ்டராகவும், அமைன் உப்பாகவும் மாற்றி விற்கின்றனர். அமைன் உப்பிற்கு வேண்டப்படுவது டைமெதில் அமைன் என்னும் தொழிற்சாலைப் பொருள். அது தனி நிலையில் மீன் நாற்றமும் அம்மோனியா நெடியும் உடைய வாயு, எளிதில் தீப்பற்றும், கண்ணையும் தோலையும் மூச்சுக்குழலையும் புண்படுத்தும். அமிலத்தோடு சேர்ந்தபின் அது நீரில் கரையும் உப்பாகிறது. கடையில் 58 சதவீதத் திரவமாகக் கிடைப்பது இதுவே.

எஸ்டர் வெயிலின் உஷ்ணத்தில் ஆவியாகி, தெளித்து முடிந்த பிறகும் காற்றோடு சென்று தூரத்துப் பயிரைத் தாக்கும். அமைன் உப்பு அவ்வளவாக ஆவியாவதில்லை. ஆகவே மணிலாவும் பருத்தியும் காய்கறியும் அருகிலுள்ள இடத்தில் எஸ்டரை விலக்குவதே நேர்மையான முறை. ஆயினும் அமைன் உப்பைத் தெளிப்பதால் ஒருவர் முற்றிலும் பொறுப்பு நீங்கினவராகார். தெளிப்பானிலிருந்து பறக்கும் நுண்துளிகள் எந்த மருந்தாயினும் காற்றோடு போகும். பருத்திச் செடி மிகச் சிறு அளவினாலும் கெடும்.

மனிதருக்கு நேரும் அபாயத்திற்கு வருவோம். அமைன் உப்புத் திரவத்தால் முதலில் கேடுறுவது கண். கலக்காத மருந்து கண்ணில் தெறித்தால் நிரந்தரமான பழுது ஏற்படலாம். உடனே சுத்தமான நீரை 15 முதல் 20 நிமிஷம் வரை ஊற்றிக் கழுவி, வைத்தியரிடம் செல்ல வேண்டும். மருந்தை ஊற்றிக் கலக்கும் வேளையில்தான் கைகள் மிகுதியாக நனைகின்றன. எனவே கலக்குபவருக்கு ரப்பர் கையுறையும் கண்ணாடியும் இன்றியமையாதன. விழுங்கிவிட்டால் இதற்கென்று தனி முறிமருந்து கிடையாது. வாந்தி எடுக்கச் செய்யாமல், சீட்டுடன் கூடிய புட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைதல் வேண்டும்.

கிணற்று நீர் கடினமாயிருப்பின், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அமைன் உப்போடு சேர்ந்து வீழ்படிவாகித் தெளிப்பான் துளையை அடைக்கும். மருந்தின் வேகமும் குறையும். அடைப்பை வாயால் ஊதி நீக்கும் பழக்கம் பெருங்கேடு. களைக்கொல்லிக்கென ஒரு தெளிப்பானைத் தனியே ஒதுக்குவதே உத்தமம். இயலாதவர் அம்மோனியா கலந்த நீரை நிரப்பி ஓர் இரவு வைத்திருந்து, பின் பலமுறை அலசுதல் வேண்டும். அவ்வாறு செய்யாமல் அதே தெளிப்பானால் கத்தரிக்குப் பூச்சிமருந்து அடித்தவர், தம் தோட்டத்தைத் தாமே அழித்துக்கொள்வார்.

சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாயில்லை. 1968-ம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டமும் 1971-ம் வருஷத்து விதிகளும் களைக்கொல்லிகளுக்கும் பொருந்தும். உரிமம் பெற்றவரே விற்கலாம், சீட்டின்றி விற்கலாகாது, காலிக் கலங்களை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும். இருந்தும் மருந்தைச் சாராயப் புட்டியிலும் தண்ணீர்ப் புட்டியிலும் சிறிது சிறிதாகப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் பலவிடத்தும் உண்டு. குழந்தையின் கைக்கெட்டும் அத்தகைய புட்டியால் விளையும் தீங்கிற்கு மருந்தைக் குறைகூறிப் பயனில்லை.

இம்மருந்தை அடியோடு விலக்க வேண்டும் என்பாரும் உளர். வியட்நாம் யுத்தத்தில் காடழிக்கப் பயன்பட்ட கலவையில் இதுவும் ஒரு பங்கு என்பது உண்மை. அங்கே பெருந்தீங்கு விளைத்த டையாக்சின் நஞ்சு, உடன் கலந்த 2,4,5-டி என்னும் வேறொரு மருந்திலிருந்து வந்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-ல் 2,4-டியைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என ஐயுறப்படும் வகுப்பில் சேர்த்தது. இந்திய அரசாங்கம் 2020-ல் தடைசெய்ய உத்தேசித்து வெளியிட்ட 27 மருந்துகளில் இதுவும் இருந்தது. ஆயினும் 2023-ல் தடையுற்றவற்றுள் இது இடம்பெறவில்லை. கைக்களைக்கு ஆள் அகப்படாத காலத்தில், ஆரையும் கரிசலாங்கண்ணியும் மண்டிய வயலுடையவர் இதனை நாடுவது இயல்பே. நாடுபவர் அதற்குரிய கடமையையும் ஏற்றல் வேண்டும்.

அக்கடமை தெளிக்கும் கூலியாளுடையதன்று; நிலச்சொந்தக்காரருடையது. மருந்தைத் தேர்பவரும், நாளைக் குறிப்பவரும், விளைச்சலைப் பெறுபவரும் அவரே. கையுறை வாங்கிக் கொடாமல் ஆளை அனுப்பிவிட்டு, கண் கெட்டபின் வைத்தியச் செலவு தருவது தர்மமாகாது. அவ்வாறே தெளிப்பதற்கு முதல் நாள் அயல் நிலத்தாருக்குச் சொல்லியனுப்புதலும், காற்று அவர் பயிரை நோக்கி வீசும் வேளையில் நிறுத்துதலும், இடையே சில பாத்திகளைத் தெளிக்காமல் விடுதலும் அவர் பொறுப்பே. முறுக்கிய மணிலாவைக் கண்டபின் எழும் வழக்கைவிட முன்னே சொல்லும் ஒரு வார்த்தை மலிவானது.

கிராம அதிகாரிகள் பயிர்ச்சேதம் குறித்து முறையீடு வரும்போது, இலையின் முறுக்கையும் காற்றின் திசையையும் மருந்தின் சீட்டையும் உடனே பார்த்துக் குறித்து வைத்தல் நலம். நாட்கள் சென்றால் சாட்சியம் மறையும். களையெடுப்புக் காலம் தொடங்குமுன் சந்தையிலும் ஊர்க் கூட்டத்திலும் இவ்விதிகளை எடுத்துரைப்பின், வழக்குகளும் குறையும். வயலில் உழைப்பவர் கண்களும் காக்கப்படும்.