வெள்ளத்தில் மூழ்கிய கார் பாதி விலைக்கு வருகிறதா? கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. வீட்டு வாசலில் விட்டால் என்ன ஆகும் என்பது அந்தப் பகுதி மக்களுக்குத் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் அவர்கள். பள்ளிக்கரணையில் கார்கள் வரிசையாக மிதந்து போன வீடியோ இன்னும் பலர் போனில் இருக்கும்.

அந்தக் கார்கள் எல்லாம் இப்போது எங்கே? எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடவில்லை. ஒரு பகுதி சர்வீஸ் ஆகி உரிமையாளரிடமே திரும்பியது. இன்னொரு பகுதி ஏலத்துக்குப் போய், பட்டறையில் சீர் செய்யப்பட்டு, பாலிஷ் போட்டு மறுபடி சந்தைக்கு வந்துவிட்டது. "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வெச்சிருந்த வண்டி, அவசரத்துக்குக் கொடுக்கிறாங்க" என்று காட்டப்படும் கார் அவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம்.

இப்படிப்பட்ட வண்டியை வாங்குவதே தப்பா? அப்படி இல்லை. வண்டிக்கு என்ன நடந்தது என்று தெரிந்து, அதற்கேற்ற விலை கொடுத்து வாங்கினால் அது ஒரு வியாபாரம். தெரியாமல் வாங்கினால் ஏமாற்றம். இந்தியாவில் சிக்கல் என்னவென்றால், அதைத் தெரிந்துகொள்ளும் வேலை முழுக்க வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

'டோட்டல் லாஸ்' என்றால் என்ன?

காப்பீட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஐ.டி.வி. என்று ஒரு மதிப்பு உண்டு. வண்டியின் இன்றைய விலையாக பாலிசியில் எழுதப்படும் தொகை அது. பழுது பார்க்கும் செலவு இந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், காப்பீட்டு நிறுவனம் வண்டியை முழு இழப்பு என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும். பட்டறைகளில் சொல்லப்படும் 'டோட்டல் லாஸ்' இதுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'முழு இழப்பு' என்பது பணக் கணக்கு. வண்டி இனி ஓடவே ஓடாது என்று இன்ஜினீயர் கொடுத்த சான்றிதழ் அல்ல. ஐ.டி.வி. ஆண்டுக்கு ஆண்டு குறையும். வழக்கமான அட்டவணைப்படி 1 முதல் 2 ஆண்டு ஆன காருக்கு 20 சதவீதத் தேய்மானம். 4 முதல் 5 ஆண்டு ஆன காருக்கு 50 சதவீதம். ஆனால் புது கதவு, புது ஹெட்லைட், புது ஏர்பேக் விலை குறையாது.

ஒரு உதாரணம். பழைய ஹேட்ச்பேக் ஒன்றின் ஐ.டி.வி. 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1.5 லட்சத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் புது பாகங்கள் போட்டால், முன்பக்கம் வாங்கிய ஒரே அடியில் அந்தத் தொகை வந்துவிடும். அதே வேலையைப் பழைய பாகங்களை வைத்து வெளிப் பட்டறையில் பாதிச் செலவில் முடித்துவிடுவார்கள். இந்த இரண்டு எஸ்டிமேட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது. உண்மையான லாபமும் அங்கேதான் இருக்கிறது, மோசடியும் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் முத்திரை குத்துகிறார்கள்

அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டிகளின் உரிமைப் பத்திரத்திலேயே 'சால்வேஜ்' என்று பதிவு செய்துவிடுவார்கள். சரிசெய்து, பரிசோதனையில் தேறினால் 'ரீபில்ட்' என்று மாற்றித் தருவார்கள். பழைய கதை மறையாது. எத்தனை சதவீதச் சேதம் என்றால் முத்திரை என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃபுளோரிடாவில் 80, டெக்சாஸில் 100. காப்பீட்டு நிறுவனங்களும் உடைப்பு நிலையங்களும் தகவல் தர வேண்டிய தேசியத் தரவுத்தளமும் அங்கே உண்டு.

பிரிட்டனிலும் வகைப்பாடு இருக்கிறது. 2017 அக்டோபர் முதல் ஏ, பி, எஸ், என் என்று நான்கு பிரிவுகள். ஏ, பி வண்டிகள் மறுபடி சாலைக்கே வரக்கூடாது. எஸ் என்றால் கட்டமைப்பில் சேதம், என் என்றால் கட்டமைப்பில் சேதம் இல்லை. எஸ், என் இரண்டையும் சரிசெய்து ஓட்டலாம்.

அங்கேயும் ஏமாற்று இல்லாமல் இல்லை. 2005 கத்ரீனா புயலில் மூழ்கிய கார்கள் வேறு மாநிலங்களுக்குப் போய், முத்திரை இல்லாத புதுப் பத்திரத்தோடு விற்பனைக்கு வந்தன. ஆனாலும் 'இந்த வண்டிக்கு ஒரு கதை இருக்கிறது' என்று சொல்ல அங்கே ஒரு காகிதம் இருக்கிறது.

இங்கே ஆர்.சி. என்ன சொல்கிறது?

ஒன்றும் சொல்லாது. எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டால் பதிவு தேதி, காப்பீடு எதுவரை, கடன் பாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் வரும். வெள்ளத்தில் மூழ்கியதா, டோட்டல் லாஸ் ஆனதா என்பது வராது.

சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 55ஆவது பிரிவுப்படி, வண்டி அழிந்துவிட்டாலோ நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாமல் போனாலோ உரிமையாளர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். ஆனால் டோட்டல் லாஸ் ஆன வண்டி எல்லாம் 'நிரந்தரமாகப் பயன்படாத' வண்டி ஆகிவிடுவதில்லை. அதனால் உயிருள்ள ஆர்.சி.யோடு அது கைமாறுகிறது.

இதில்தான் பெரிய ஆபத்து. நொறுங்கிப்போன காரை யாரோ ஏன் நல்ல விலைக்கு வாங்க வேண்டும்? சில சமயம் அவர்களுக்கு வேண்டியது கார் அல்ல, அதன் ஆர்.சி.யும் சேஸிஸ் எண்ணும்தான். அதே மாடல், அதே நிறத்தில் ஒரு காரைத் திருடி, அதில் பழைய எண்ணைப் பொறித்தால் திருட்டு வண்டிக்குச் சுத்தமான பேப்பர் கிடைத்துவிடும். 2020இல் லக்னோ போலீஸ் பிடித்த ஒரு கும்பல் இந்த முறையில்தான் கார்களை விற்றது. அப்படி ஒரு வண்டியை வாங்கியவர், போலீஸ் வந்து எடுத்துப் போகும்போது காரையும் இழப்பார், பணத்தையும் இழப்பார்.

2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெறும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. விற்பனைக்குக் கொடுத்த வண்டி யார் பொறுப்பில் இருக்கிறது என்ற குழப்பத்தை அவை தீர்க்கின்றன. அந்த வண்டிக்கு முன்பு என்ன நடந்தது என்பதை வாங்குபவர்தான் தோண்ட வேண்டும்.

தண்ணீர் உள்ளே என்ன செய்யும்?

இன்ஜினுக்குள் தண்ணீர் போன நிலையில் ஸ்டார்ட் செய்தால் கதை முடிந்தது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண பாலிசியில் இந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. அதற்கென்று தனி இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் வேண்டும்.

இன்ஜினையாவது கழற்றிச் சரிசெய்யலாம். வயரிங்தான் தலைவலி. இப்போதைய கார்களில் கம்ப்யூட்டர் பெட்டிகள், சென்சார்கள், கனெக்டர்கள் பல இடங்களில் கீழேயே இருக்கின்றன. தண்ணீர் காய்ந்த பிறகும் கனெக்டருக்குள் துரு மெல்ல வளரும். வாங்கிய முதல் இரண்டு மாதம் பிரச்சினையே இருக்காது. பிறகு ஒருநாள் பவர் விண்டோ நிற்கும், அடுத்து ஏ.பி.எஸ். விளக்கு எரியும், அப்புறம் நெடுஞ்சாலையில் வண்டி நிற்கும். ஒவ்வொரு தடவையும் மெக்கானிக்குக்குப் புதுக் காரணம் கிடைக்கும்.

மின்சாரக் காராக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. 2022இல் ஃபுளோரிடாவைத் தாக்கிய இயன் புயலுக்குப் பின், உப்புத் தண்ணீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில நாட்கள் கழித்தும் தீப்பிடித்தன. பேட்டரி வரை தண்ணீர் ஏறிய வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடிபட்ட வண்டியில் கவலை வேறு. ஏர்பேக் ஒருமுறை வெடித்தால் மாற்ற வேண்டும். அது செலவு என்பதால், உள்ளே ஒன்றும் வைக்காமல் மூடியை மட்டும் ஒட்டி, எச்சரிக்கை விளக்கு எரியாதபடி வயரில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டுவிடும் பட்டறைகள் உண்டு. வெளியே பார்த்தால் புதுசுபோல இருக்கும். அடுத்த விபத்தில்தான் அது தெரியும்.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் பேப்பர். கடந்த மூன்று, நான்கு ஆண்டு பாலிசிகளைக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் என்.சி.பி. எவ்வளவு என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் இந்தத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். 2023இல் 35 இருந்து, 2024இல் பூஜ்யமாக இருந்தால் நடுவில் கிளெய்ம் வாங்கியிருக்கலாம், அல்லது பாலிசி நெடுநாள் விட்டுப்போயிருக்கலாம். இரண்டுக்கும் விளக்கம் வேண்டும். முழு பாலிசி வைத்திருந்தவர் திடீரென்று மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மாறியிருந்தாலும் ஏன் என்று கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு உரிமையாளரையே உங்கள் முன்னால் மெயில் போடச் சொல்லி, கிளெய்ம் விவரம் வாங்கலாம்.

அடுத்து சர்வீஸ் வரலாறு. சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் எந்தத் தேதியில் என்ன வேலை என்று பெரும்பாலும் சொல்வார்கள். ஒழுங்காக வந்துகொண்டிருந்த கார் 2023 டிசம்பரோடு காணாமல் போயிருந்தால், அது எந்த ஊரில் நின்றிருந்தது என்று விசாரியுங்கள்.

பிறகு வண்டி. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கழுவிய காரிலும் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தங்கும். சீட்டுக்குக் கீழே உள்ள தண்டவாளம், போல்ட்டுகளில் துரு இருக்கிறதா? ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் இருக்கிறதா? கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி. போடாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பாசி வாடையும், அதை மறைக்க அடித்த தூக்கலான சென்ட் வாடையும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். எல்லாக் கண்ணாடிகளிலும் உள்ள தயாரிப்புக் குறியீடு ஏறக்குறைய ஒரே காலத்தைக் காட்ட வேண்டும். பானட்டுக்குக் கீழே வெல்டிங் தழும்பு, கதவுத் தூணில் பெயின்ட் வித்தியாசம் இருந்தால் டிங்கர் வேலை நடந்திருக்கிறது. சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் தேய்த்த தடமோ எழுத்து வித்தியாசமோ இருந்தால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

விற்பவர் காட்டும் மெக்கானிக்கிடம் போகாமல், நீங்கள் அழைத்துப்போகும் மெக்கானிக்கை வைத்து ஸ்கேனர் போடச் சொல்லுங்கள்.

கணக்கு உண்மையிலேயே லாபமா?

சந்தையில் 6 லட்சம் போகும் கார், வெள்ளத்தில் மூழ்கியது என்று சொல்லியே 3.8 லட்சத்துக்கு வருகிறது என்று வையுங்கள். வயரிங், சீட், சென்சார் என்று 1.2 லட்சம் செலவு. மொத்தம் 5 லட்சம். 1 லட்சம் மிச்சம்போலத் தெரியும்.

நான்கு ஆண்டு கழித்து விற்கும்போது உண்மையைச் சொன்னால், அடுத்தவரும் அதேபோல அடித்துப் பேசித்தான் வாங்குவார். வாங்கும்போது கிடைத்த தள்ளுபடியில் பெரும்பகுதியை அப்போது திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். சொல்லாமல் மறைத்தால்? நம்மை ஏமாற்ற நினைத்த அதே ஆட்களின் வரிசையில் நாமும் போய் நிற்போம்.

அதனால் இந்த வண்டி யாருக்குப் பொருந்தும் என்பது முக்கியம். உள்ளூரில் மட்டும் ஓட்டுபவர், நம்பகமான மெக்கானிக் கைவசம் இருப்பவர், சேதம் வெளித்தோற்றத்தோடு நின்றுவிட்டது என்று உறுதி செய்தவர், வண்டி உருளை தட்டும்வரை வைத்திருக்கப் போகிறவர் என்றால் யோசிக்கலாம். தினமும் ஓ.எம்.ஆரில் வேலைக்குப் போக ஒரே கார், மாதம் ஒருமுறை குடும்பத்தோடு ஊருக்கு, அதுவும் கடனில் வாங்கப் போகிறீர்கள் என்றால் இந்த மிச்சம் உங்களுக்கானது அல்ல.

ஏமாந்தால் என்ன வழி?

வியாபாரியிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பொதுவாக 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம். தனிநபரிடம் வாங்கியிருந்தால் அது பெரும்பாலும் சிவில் வழக்காகத்தான் போகும், இழுக்கும். இரண்டிலும் கேட்கப்படும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அவர் அப்படிச் சொன்னதற்கு என்ன ஆதாரம்?"

வாட்ஸ்ஆப் பேச்சை அழிக்காதீர்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். படிவம் 29, 30 கொடுத்து பெயர் மாற்றுவதோடு பாலிசியையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால், அட்வான்ஸ் கொடுப்பதற்கும் முன்னால், ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். 'இந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கவில்லை, டோட்டல் லாஸ் கிளெய்ம் பெறவில்லை, ஏர்பேக் வெடிக்கவில்லை' என்று எழுதி, பதிவு எண், சேஸிஸ் எண் குறிப்பிட்டு விற்பவரிடம் கையெழுத்துக் கேளுங்கள்.

நேர்மையான விற்பனையாளர் போட்டுவிடுவார், அல்லது நடந்ததைச் சொல்லி விலையைக் குறைப்பார். "இதெல்லாம் எதுக்கு சார், நம்பிக்கை இல்லையா?" என்று இழுப்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.