அடிக்கடி வரும் நீர்க்கடுப்பு: மறைக்க வேண்டாம், சகோதரிகளே!



ஜெப விண்ணப்பச் சீட்டில் "சரீர பெலவீனம்" என்ற இரண்டே வார்த்தைகளை எழுதிக் கொடுக்கும் சகோதரிகள் நம் சபைகளில் அநேகர். என்ன பெலவீனம் என்று போதகரின் மனைவி தனியே அன்போடு விசாரிக்கும்போதுதான் காரியம் வெளிவருகிறது. சிறுநீர் கழிக்கையில் தாங்க முடியாத எரிச்சல், அடிவயிற்றில் வலி, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை போகவேண்டும் என்ற உந்துதல், போனாலோ சில சொட்டுகள் மட்டுமே. மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கினால் அடங்குகிறது. அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ திரும்பி வருகிறது. கணவரிடம் சொல்ல வெட்கம். மாமியாரிடம் சொல்லப் பயம்.

இதையெல்லாம் ஒரு போதகர் எழுதலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் வருந்திய ஸ்திரீயின் சம்பவத்தைப் பரிசுத்த ஆவியானவர் மூன்று சுவிசேஷங்களில் எழுதி வைத்திருக்கிறார் (மத்தேயு 9, மாற்கு 5, லூக்கா 8). அவள் கூட்டத்துக்குள் மறைந்து வந்து, மறைவாகவே திரும்பிப்போக நினைத்தாள். ஆண்டவரோ நின்று, அவள் தன் காரியம் முழுவதையும் சொல்லும்வரை காத்திருந்து, மகளே என்று அழைத்து அனுப்பினார். அவர் கேட்கக் கூசாததை நாம் பேசக் கூச வேண்டியதில்லை.

இந்த நோய் என்ன?

மலக்குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா சிறுநீர்த் துவாரத்தின் வழியே ஏறி, சிறுநீர்ப்பையில் பெருகுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஆண்களின் சிறுநீர்க்குழாய் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுள்ளது. பெண்களுக்கோ ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். ஆகவே கிருமி ஏறிச் செல்லும் வழி மிகக் குறுகியது. பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இத்தொற்றுக்கு ஆளாகிறார்கள். ஆறு மாதத்தில் இரண்டு முறையோ ஒரு வருஷத்தில் மூன்று முறையோ வந்தால், அதை "அடிக்கடி வரும் தொற்று" என்று மருத்துவர்கள் கணக்கிட்டு, காரணத்தை ஆராய்கிறார்கள்.

கணவன்மார் ஒன்றைத் தெளிவாய் அறிந்துகொள்ள வேண்டும். தாம்பத்திய உறவுக்குப் பின் இத்தொற்று வருவது சகஜம். புதிதாய் மணமான பெண்களுக்கு அதிகமாய் வருகிறது. ஆனாலும் இது ஒழுக்கக் கேட்டினால் வரும் வியாதி அல்ல. இதைக் காரணமாக வைத்து மனைவியைச் சந்தேகிக்கிறவன் அறியாமையினால் பாவம் செய்கிறான்.

நகரத்தில் நம் பெண்களின் பாடு

திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பிழைப்பைத் தேடி மும்பைக்கும் பெங்களூருக்கும் டில்லிக்கும் வந்தவர்கள் நாம். இந்நகரங்கள் நமக்கு வேலை கொடுத்தன. நம் பெண்களுக்கு ஒதுங்க இடம் கொடுத்தனவா? விராரிலிருந்து சர்ச்கேட் வரை செல்லும் லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது. நான்கு வீடுகளில் பாத்திரம் கழுவும் சகோதரிக்கு அந்த நான்கு வீடுகளிலும் கழிப்பறை உண்டு, ஆனால் அவள் அதைப் பயன்படுத்த அநேக வீடுகளில் அனுமதி இல்லை. சால்களிலும் குடிசைப் பகுதிகளிலும் பொதுக் கழிப்பறைக்கு முன் வரிசை நிற்கிறது. இருட்டிய பின் அங்கே தனியே போகப் பயம். ஆண்கள் சிறுநீர் கழிக்கக் கட்டணம் இல்லாத இடங்களிலும் பெண்களிடம் பணம் வாங்குகிறார்கள் என்பதை எதிர்த்து, மும்பையின் மகளிர் அமைப்புகள் 2011-ஆம் ஆண்டு "ரைட் டு பீ" என்ற இயக்கத்தையே தொடங்க வேண்டியிருந்தது.

ஆகவே நம் சகோதரிகள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் ஒரு தேநீர். மாலையில் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்வது. அந்த வழிதான் நோய்க்கு வழி. தேங்கி நிற்கும் சிறுநீரில் கிருமி பெருகுகிறது. தாராளமாய் வெளியேறும் சிறுநீரோ கிருமியை அடித்துக்கொண்டு போகிறது.

2018-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சாட்சி. பல்கேரியா நாட்டில், தண்ணீர் குறைவாய்க் குடிப்பவர்களும் அடிக்கடி இத்தொற்றினால் வருந்தியவர்களுமான 140 பெண்களை ஓராண்டு கவனித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் தண்ணீர் தினமும் கூடுதலாய்க் குடித்தார்கள். அவர்களுக்கு அவ்வருஷத்தில் தொற்று வந்தது சராசரியாக 1.7 முறை; பழைய வழக்கத்திலேயே இருந்தவர்களுக்கு 3.2 முறை. கூடுதலாய்க் குடித்தது வெறும் தண்ணீர்தான்!

செய்ய வேண்டியவை

1. நாள் முழுவதும் பகிர்ந்து தண்ணீர் குடியுங்கள். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் தங்கள் மருத்துவர் சொன்ன அளவையே கைக்கொள்ள வேண்டும். பார்லிக் கஞ்சியும் இளநீரும் நல்லவையே. ஆனால் அவை தொற்றுக்கு மருந்து அல்ல.

2. மூன்று, நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை போய்வாருங்கள். தாம்பத்திய உறவுக்குப் பின்னும் சிறுநீர் கழிக்கும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

3. கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். கிருமிநாசினித் திரவங்களையும் வாசனைச் சோப்புகளையும் அவ்விடத்தில் பயன்படுத்த வேண்டாம்.

4. மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பழைய சீட்டைக் காட்டி அதே மருந்தை மறுபடியும் வாங்குவதும், எரிச்சல் அடங்கியதும் பாதியில் நிறுத்துவதும் கிருமியைப் பழக்கிவிடுகின்றன. பிறகு அந்த மருந்துக்கு அது அடங்குவதில்லை. திரும்பத் திரும்ப வருகிறவர்கள், மாத்திரை தொடங்கும் முன்னே சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று இரண்டு, மூன்று நாட்களில் தெரிந்துவிடும்.

5. சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பாருங்கள். மாதவிடாய் நின்ற தாய்மாருக்கு, உடலில் ஈஸ்ட்ரோஜன் குறைவதாலும் இது திரும்பத் திரும்ப வரும். அதற்கென்று மருத்துவர் எழுதித்தரும் பூச்சு மருந்து உண்டு. வயதாகிவிட்டது என்று சகித்துக்கொண்டிருக்க வேண்டாம். கல்ச்சரில் கிருமி இல்லை என்று வந்தும் தொல்லை நீடித்தால், சிறுநீர்ப் பாதையில் காசநோய் இருக்கிறதா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

6. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்புறத்தில் வலி, வாந்தி இவை தோன்றினால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிறுநீரில் இரத்தம் கண்டாலும் தாமதிக்க வேண்டாம். கர்ப்பிணிகள், தொல்லை ஒன்றும் தெரியாவிட்டாலும், சிறுநீர்ப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது. கவனியாத தொற்று குறைப்பிரசவத்திற்கும் காரணமாகலாம்.

மருந்து எடுத்தால் விசுவாசக் குறைவா?

தெய்வீக சுகத்தை நாம் விசுவாசிக்கிறோம், பிரசங்கிக்கிறோம், கண்டும் இருக்கிறோம். ஆனால் எசேக்கியாவின் சம்பவத்தைக் கவனியுங்கள் (2 இராஜாக்கள் 20:1-7). அவன் ஜெபித்தான், கர்த்தர் கேட்டார், ஆயுசோடு பதினைந்து வருஷங்களைக் கூட்டிக் கொடுப்பதாக வாக்குப்பண்ணினார். வாக்குத்தத்தம் பெற்ற பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொன்னார்; அதைப் பிளவையின்மேல் போட்டார்கள்; ராஜா பிழைத்தான். வாக்குத்தத்தத்தை அத்திப்பழம் அவமாக்கவில்லை. ஆகையால், "மீண்டும் வந்துவிட்டதே, என் விசுவாசம் குறைந்துபோயிற்றோ" என்று கலங்கும் சகோதரியே, குறைந்தது உன் விசுவாசமல்ல. நீ குடிக்கும் தண்ணீரும், உனக்குக் கிடைக்கும் கழிப்பறையுமாக இருக்கலாம்.

உபவாசத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. இத்தொற்று அடிக்கடி வருகிறவர்கள் தண்ணீர் குடித்தே உபவாசம் இருக்கலாம். ஆகாரத்தை விலக்கித் தேவசமுகத்தில் தரித்திருப்பதே நோக்கம்; தண்ணீர் குடிக்கும் சகோதரியை மற்றவர்கள் குறைவாய்ப் பார்க்க வேண்டாம்.

சபைக்கு ஒரு வேண்டுகோள்

இப்போது ஊழியர்களோடும் மூப்பர்களோடும் பேசுகிறேன். ஞாயிறு ஆராதனை மூன்று, நான்கு மணி நேரம். மாதத்தில் ஓர் இரவு முழு இரவு ஜெபம். வாடகை மண்டபத்தில் ஒரே கழிப்பறை. அதன் சாவி யாரிடமோ. மேடையின் ஓரமாய் எல்லாரும் பார்க்க நடந்துபோக வேண்டும் என்பதற்காகவே எத்தனை சகோதரிகள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்! ஒலிபெருக்கிக்கும் கீபோர்டுக்கும் காணிக்கை எடுக்கிறோம். பெண்களுக்கென்று தனியாக, தாழ்ப்பாளும் விளக்கும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறைக்கு என்றைக்காவது காணிக்கை எடுத்தோமா?

இது ஆவிக்குரிய காரியமல்ல என்று எண்ணினால் உபாகமம் 23:12-14 வாசித்துப் பாருங்கள். பாளயத்துக்குப் புறம்பே ஒதுங்குவதற்கு ஓர் இடம் இருக்கவேண்டும் என்றும், அசுத்தத்தை மண்ணால் மூடவேண்டும் என்றும் நியாயப்பிரமாணம் கட்டளையிடுகிறது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன? தேவனாகிய கர்த்தர் அந்தப் பாளயத்தின் நடுவே உலாவுகிறார் என்பதே. கர்த்தர் உலாவும் இடத்தில் கழிப்பறை ஒழுங்காய் இருக்கவேண்டும் என்பது வேதத்தின் ஒழுங்கு.

மண்டபம் வாடகைக்குப் பேசும்போதே இதைக் கேளுங்கள். நீண்ட கூட்டங்களில் இடையே பத்து நிமிட இடைவேளை விடுங்கள். அபிஷேகம் தடைபட்டுப் போகாது. பெண்கள் ஐக்கியத்தில் வருஷத்திற்கு ஒருமுறையாவது ஒரு பெண் மருத்துவரை அழைத்துப் பேசச் செய்யுங்கள். புருஷர்களே, நாளைக் காலையில் உங்கள் மனைவி வேலைக்குப் புறப்படுமுன், "அங்கே போக இடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இதுவரை அதைக் கேட்காமலே இருந்தவர்கள் நம்மில் அநேகர்.

வேதனைப்படும் சகோதரிகளின் சரீரங்களைத் தொட்டு, பரம வைத்தியராகிய ஆண்டவர் பூரண சுகம் தருவாராக. உங்கள் குடும்பங்களையும் சபைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.